கடைக்கு மேல் வீடு: செகந்திராபாத் நடுவூரின் மறுவாழ்வு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பத்துப்பாட்டோ பெரியபுராணமோ பொருளாக அமைவது நம் வழக்கம். நான் கடைத்தெருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பத்துப்பாட்டை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. மதுரைக்காஞ்சியில் பகல் நேரத்து நாளங்காடியும் இரவு நேரத்து அல்லங்காடியும் வருகின்றன. சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில்தான் நாளங்காடி. உழைப்பவர்கள் வாழ்ந்த பாதியும் செல்வர்கள் வாழ்ந்த பாதியும் வந்து கலந்த இடம் அது. ஊரின் நடுவில் கடைத்தெரு இருக்கவேண்டும், அங்கே எல்லாத் தரப்பாரும் வரவேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமில்லை.

செகந்திராபாத்தின் நாளங்காடி எது என்று உங்களைக் கேட்டால் ஜெனரல் பஜார், மோண்டா மார்க்கெட், பாட் மார்க்கெட் என்றுதான் சொல்வீர்கள். துணிக்கு ஒன்று, காய்கறிக்கும் பூவுக்கும் ஒன்று, நகைக்கு ஒன்று. அதைச் சுற்றி ராணிகஞ்சில் பம்புசெட்டும் இயந்திர உதிரிபாகமும், பார்க்லேனில் கணினி. ஒரு கல்யாணத்துக்கு வேண்டியதையும் ஒரு பட்டறைக்கு வேண்டியதையும் நடந்தே வாங்கிவிடலாம். இந்தக் கடைத்தெரு பிழைக்குமா, பிழைக்க என்ன செய்யவேண்டும் என்பதுதான் இன்று என் பேச்சு.

கொஞ்சம் பழைய கதை. 1798-இல் நிசாம் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட துணைப்படை ஒப்பந்தத்தின்படி ஹுசைன் சாகருக்கு வடக்கே பாளையம் இறங்கியது. 1806-இல் மூன்றாம் நிசாம் சிகந்தர் ஜாவின் பெயர் அதற்கு வந்தது. ஊர் மக்களுக்கு அது இன்றும் லஷ்கர்தான். பட்டாளத்துக்குச் சாமான் கொடுக்க வந்த வியாபாரிகளின் கடைவீதிதான் ஜெனரல் பஜார். மதராஸ் படையோடு வந்த நம்மவர்களில் சிப்பாய், குமாஸ்தா, ஒப்பந்தக்காரர் என்று எல்லா வகையும் உண்டு. 1862-இல் சோமசுந்தரம் முதலியார் தொடங்கிய பள்ளிதான் பிறகு மஹபூப் கல்லூரி ஆயிற்று. 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் அமெரிக்கா போவதற்கு முன் அங்கேதான் பேசினார். வாக்கர் டவுன் என்றிருந்த பகுதி பத்மராவ் முதலியாரின் பெயரால் பத்மராவ் நகர் ஆனது. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த நடுவூரைக் கட்டியதில் பங்கு இருப்பவர்களுக்கு அதைப் பேணுவதிலும் பங்கு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

1874-இல் ரயில் வந்தது. 1897-இல் 120 அடி உயர மணிக்கூண்டு திறக்கப்பட்டது. சேட் லட்சுமி நாராயண் ராம்கோபால் கொடுத்த கடிகாரம் அதில் ஏறியது. ஜேம்ஸ் தெரு, கிங்ஸ்வே, ஆக்ஸ்ஃபோர்டு தெரு என்று அகலமான சாலைகள் இருந்தன. இன்று அவை எம்.ஜி. ரோடு, ஆர்.பி. ரோடு, எஸ்.டி. ரோடு. 1945-இல் ஊரின் குடிமக்கள் பகுதி நிசாம் ஆட்சிக்குத் திரும்பியது. 1950-இல் செகந்திராபாத்துக்கெனத் தனி மாநகராட்சி அமைந்தது. பத்தே ஆண்டுகள். 1960-இல் அதை ஹைதராபாத் மாநகராட்சியோடு இணைத்தார்கள். அன்றிலிருந்து இந்த நடுவூருக்கு நாதியில்லை என்பது என் கருத்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் மாடிக்குப் போவோம்.

ஜெனரல் பஜாரின் பழைய கட்டடங்களை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? கீழே கடை, மேலே மர அழிபோட்ட தாழ்வாரம், அதற்குள் வீடு. வியாபாரி கீழே கல்லாவில் உட்கார்ந்திருப்பார். மேலே சமையல் நடக்கும். இரவு கடை அடைத்த பிறகும் தெருவில் விளக்கும் பேச்சும் இருக்கும். அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முதலில் மாரட்பள்ளி, பிறகு சைனிக்புரி, இப்போது கொம்பள்ளி. கார் நிறுத்த இடமில்லை, தண்ணீர் சரியாக வரவில்லை, பிள்ளைகளின் பள்ளி தூரம் என்று ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் இருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் விட்டுப்போன மாடிக்கு என்ன ஆனது? துணி மூட்டைக்கும் அட்டைப்பெட்டிக்கும் கிடங்காயிற்று.

வாடகைச் சட்டத்துக்கும் இதில் பங்குண்டு. செகந்திராபாத் மாநகராட்சி மறைந்த அதே 1960-இல் ஆந்திரப் பிரதேச வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியிருப்பவரைக் காக்க வந்த நல்ல சட்டம்தான். நாளடைவில் இந்த ஊர்ப் பேச்சில் மல்கிகளுக்கு, அதாவது கடை அறைகளுக்கு, தாத்தா காலத்து வாடகையே நின்றுபோனது. அந்த வாடகையில் உரிமையாளர் கூரை ஓட்டை மாற்றமாட்டார். தன்னுடையதல்லாத கட்டடத்தில் கடைக்காரரும் பணம் போடமாட்டார். இருவரும் காத்திருக்கிறார்கள். கட்டடம் விழுந்தால் ஒருவருக்கு மனை கிடைக்கும், மற்றவருக்குப் பேரம் பேச ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

இனி நான் சொல்லப்போவது கேட்க இனிமையானதல்ல. 2022 மார்ச் 23 அதிகாலை போயிகூடாவில் ஒரு பழைய சாமான் கிடங்கு எரிந்தது. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பீகார்த் தொழிலாளர்கள் 11 பேர் இறந்தார்கள். 2022 செப்டம்பர் 12 இரவு, கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனை, மேலே தங்கும் விடுதி என்றிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 8 பேர். 2023 ஜனவரி 19 மினிஸ்டர் ரோடு அருகே துணிக்கடையும் கிடங்குமாக இருந்த கட்டடத்தில் 3 தொழிலாளர்கள். 2023 மார்ச் 16 ஸ்வப்னலோக் வளாகத்தில் 6 இளம் ஊழியர்கள். புகையில் மூச்சுத் திணறி. ஓர் ஆண்டுக்குள் நான்கு தீ, 28 உயிர்கள். நான்கும் இந்த நடுவூரிலும் அதன் ஓரத்திலும்.

ஒவ்வொரு முறையும் ஒயர் பழசு, பேட்டரி வெடித்தது, அனுமதி இல்லை என்று தனித்தனிக் காரணம் சொல்லப்பட்டது. நகரமைப்பில் வேலை பார்த்தவன் கண்ணுக்குத் தெரிவது வேறு. வண்டி நிறுத்தக் கட்டிய செல்லார், அதாவது நிலவறை, கடையாக மாறுகிறது. குடியிருக்கக் கட்டிய மாடி கிடங்காக மாறுகிறது. வெளியேற ஒரே படிக்கட்டு, அதிலும் சரக்கு. பஜாரின் மாடிகளில் இன்று யார் தங்குகிறார்கள் என்பதைப் போயிகூடா காட்டிக்கொடுத்தது. வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்கள், வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்கள், சரக்குக்குக் காவலாகப் படுத்துக்கொண்டவர்கள். முதலாளி குடும்பம் மேலே வாழ்ந்த காலத்தில் செல்லாரில் கண்டதையும் அடுக்க அவர் மனம் ஒப்பியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். சென்னைக்காரர்கள் இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். 2008-இல் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பெரிய கடையொன்றின் மேல்தளம் எரிந்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2017-இல் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை எரிந்து, கட்டடத்தையே இடிக்க வேண்டிவந்தது.

நாதியில்லை என்று சொன்னதற்கு இப்போது வருகிறேன். கடைக்காரருக்கு ஓட்டு எங்கே இருக்கிறது? குடியிருக்கும் கொம்பள்ளியில். வாடிக்கையாளருக்கு? அவரவர் வார்டில். பஜார் இருக்கும் வார்டின் பிரதிநிதி தனக்கு ஓட்டுப்போடும் குடியிருப்புகளுக்குச் சாலை போடுவார்; அது இயல்பு. நாள்தோறும் பெருங்கூட்டம் புழங்கும் இடத்துக்காகப் பேச ஓட்டுள்ளவர்கள் மிகக் குறைவு. லண்டனின் பழைய நடுப்பகுதியான ‘சிட்டி’யில் இந்தச் சிக்கலுக்கு விசித்திரமான விடை கண்டார்கள்: அங்குள்ள நிறுவனங்களுக்கே ஓட்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் ஓட்டுப்போட ஆரம்பித்தால் எங்கே நிற்கும்? மெல்போர்ன் நகரம் 1992-இல் வேறு வழியில் போனது. நடுவூரின் அஞ்சல் குறியீட்டையே பெயராக்கி, ‘போஸ்ட்கோடு 3000’ என்ற திட்டத்தில், காலியாகக் கிடந்த அலுவலக மாடிகளை வீடாக்க ஊக்கம் கொடுத்தது. ஆட்கள் குடிவந்தார்கள், அவர்களுக்குப் பால்கடையும் காப்பிக்கடையும் பின்னால் வந்தன. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

ஓட்டு மட்டும் சிதறவில்லை, அதிகாரமும் சிதறிக் கிடக்கிறது. ரயில் நிலையம் தென்மத்திய ரயில்வேயிடம். மெட்ரோ இன்னொரு நிறுவனத்திடம். தெரு மாநகராட்சியிடம். பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம். சிக்னல் போலீசிடம். ஒரு சாலையைத் தாண்டினால் ராணுவக் கண்டோன்மென்ட் வாரியத்தின் எல்லை தொடங்கிவிடும். விளைவுக்கு ஓர் உதாரணம் போதும். மெட்ரோவில் செகந்திராபாத் கிழக்கு என்று ஒரு நிலையம், செகந்திராபாத் மேற்கு என்று ஒரு நிலையம். ஒன்று 2017-இல் திறந்த நீலப் பாதையில், மற்றது 2020-இல் திறந்த பச்சைப் பாதையில். ஒன்றிலிருந்து மற்றதற்கு ரயிலில் போக வேண்டுமானால் பரேட் கிரவுண்ட் போய் மாறவேண்டும். பெரிய பெட்டியோடு வெளியூரிலிருந்து வந்து இறங்குபவரிடம் இதை விளக்கிப் பாருங்கள்.

இந்த ஊரில் ஒன்றும் சீரமைக்கப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஹைதராபாத்தின் மொஜம்ஜாஹி மார்க்கெட்டைப் பாருங்கள். 1908 மூசி வெள்ளத்துக்குப் பிறகு 1912-இல் அமைந்த நகர மேம்பாட்டு வாரியத்தின் காலத்துக் கட்டடம், 1935-இல் கட்டியது. அதன் கல்முகத்தைச் சுத்தம் செய்து, ஒட்டுக்கொட்டகைகளை நீக்கி 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். ஐஸ்கிரீம் கடைகள் அதே இடத்தில் நிற்கின்றன; மாலையில் உட்கார ஒரு முற்றமும் கிடைத்தது. நம் பக்கத்திலேயே பன்சிலால்பேட்டையில் மண்ணும் குப்பையும் மூடிக் கிடந்த படிக்கிணற்றைத் தூர்வாரி 2022 டிசம்பரில் திறந்தார்கள். பார்க்காதவர்கள் அவசியம் போய்ப் பாருங்கள். இந்த இரண்டும் நடந்ததற்குக் காரணம், இரண்டும் பொதுச்சொத்து. ஆர்வமுள்ள ஓர் அதிகாரியோ ஒரு தன்னார்வக் குழுவோ பிடிவாதமாக நின்றால் முடிந்துவிடும். ஜெனரல் பஜாரில் ஒரே சுவருக்கு நான்கு பங்காளிகள், ஆறு வழக்குகள். அங்கே கல்லைக் கழுவி விளக்கு போட்டால் புகைப்படம் நன்றாக வரும். மாடி அப்படியே இருக்கும்.

பழைய கட்டடங்களுக்கு இருந்த சட்டக் காப்பும் தளர்ந்துதான் போனது. நகரமைப்பு விதிகளில் 1981-இலிருந்து இருந்த 13-ஆம் விதியை 2015-இல் நீக்கினார்கள். 2017-இல் புதிய பாரம்பரியச் சட்டம் வந்தது. ஆனாலும் ரயில் நிலையத்தின் முகப்புக் கட்டடம் 2025-இல் இடிக்கப்பட்டது. சுமார் 700 கோடி ரூபாயில் புதிய நிலையம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்காகச் சில ரயில்கள் 2025 ஜனவரியில் திறந்த செர்லபள்ளி முனையத்துக்குப் போயின. ரயில் போனால் ஆட்டோ போகும், லாட்ஜ் போகும், நள்ளிரவில் டீயும் பிரெட்டும் விற்கும் கடை போகும். காந்தி மருத்துவமனை 2003-இல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து முஷீராபாத்துக்குப் போனபோதும் இதேதான். மோண்டாவின் மொத்தக் காய்கறி வியாபாரம் போயின்பள்ளிக்குப் போனது. சென்னையில் 1996-இல் கொத்தவால்சாவடி கோயம்பேட்டுக்குப் போகவில்லையா? நெரிசலைக் குறைக்க ஒன்றை வெளியே அனுப்பும்போது, காலியான இடத்தில் எது வரும் என்று எழுதி வைத்துவிட்டு அனுப்பவேண்டும். நம் திட்டங்களில் அந்தப் பக்கம் மட்டும் வெற்றுத்தாளாக இருக்கும்.

மேம்பாலங்களைப் பற்றி ஒரே வார்த்தை. பாரடைஸிலிருந்து டெய்ரி ஃபார்ம் வரை 5.32 கிலோமீட்டர் உயர்சாலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 1,580 கோடி ரூபாய். நாக்பூர் போகும் லாரிக்கு நல்லது. மேலே போகிறவர் கீழே இறங்கி ஒரு முழம் பூ வாங்கப்போவதில்லை.

நடப்பவர்களை நினைத்த திட்டமும் உண்டு. சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜார் நடைபாதைத் திட்டத்தை 2019 நவம்பரில் திறந்தார்கள். சுமார் 40 கோடி ரூபாய். அகலமான நடைபாதை, உட்கார இருக்கை. மாலையில் முதியவர்கள் நடப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பாண்டி பஜாருக்கு உயிர்கொடுத்த தெருக்கடைகளை அதற்கு முன்பே ஒரு வளாகத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். வளையல் வாங்க யாரும் திட்டமிட்டு மாடி ஏறுவதில்லை. போகிறபோக்கில் கண்ணில் பட்டால் வாங்குவார்கள். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் ஊர்தோறும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. மோண்டாவின் வாசலில் வெற்றிலை விற்கும் அம்மாவுக்கு அந்தக் குழுவில் இடம் கொடுத்துவிட்டு நடைபாதைக்குக் கல் பதிக்கத் தொடங்குங்கள் என்பேன்.

வெளிநாட்டுப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு குராய்டன் கதையைச் சொல்லவேண்டும். லண்டனின் தென்புறத்துப் புறநகர். 2011-இல் மேரி போர்ட்டாஸ் என்பவர் கடைத்தெருக்களின் நலிவு பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். மறு ஆண்டு 12 ஊர்களுக்குத் தலா சுமார் ஒரு லட்சம் பவுண்டு கிடைத்தது. குராய்டனும் அதில் ஒன்று. அங்கே மாபெரும் வணிக வளாகம் கட்டுவதாக 2013-இல் அறிவித்த திட்டம் அறிவிப்போடே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. பக்கத்துப் பழைய கடைகள் ‘எப்படியும் இடிக்கப்போகிறார்கள்’ என்று பழுதுபார்க்கப்படாமலே நின்றன. 2020 நவம்பரில் நகர்மன்றமே வரவுசெலவைச் சமாளிக்க முடியாமல் கைவிரித்தது. அதே வட்டாரத்தில் தார்ன்டன் ஹீத் பக்கம் போனால் ஈழத்தமிழர்களின் மளிகைக்கடை, மீன்கடை, நகைக்கடை. வாடகை கட்டுப்படியான சிறிய கடையும் பக்கத்திலேயே வீடும் இருந்ததால் அந்தத் தெரு அரசுத் திட்டம் எதற்கும் காத்திருக்காமல் பிழைத்துக்கொண்டது.

இதுவரை ஒரு நடுவூரைப் பேசினேன். செகந்திராபாத்தின் வடக்கிலும் கிழக்கிலும் இன்னும் பல உண்டு: போலாரம் பஜார், திருமல்கிரி லால் பஜார், அல்வால், மல்காஜ்கிரி, தார்நாகா, ஏ.எஸ். ராவ் நகர். அல்வாலும் மல்காஜ்கிரியும், ஏ.எஸ். ராவ் நகர் இருக்கும் காப்ராவும் தனி நகராட்சிகளாக இருந்தவை. 2007-இல் 12 நகராட்சிகளை விழுங்கிப் பெருநகர மாநகராட்சி உருவானபோது அவையும் போயின. 1960-இல் செகந்திராபாத்துக்கு நடந்தது 2007-இல் அவற்றுக்கு நடந்தது. ஏ.எஸ். ராவ் நகர் இ.சி.ஐ.எல். நிறுவன ஊழியர்களுக்காக அமைந்த அமைதியான குடியிருப்பு. இன்று அதன் பிரதான சாலை நெடுக நகைக்கடையும் துணிக்கடையும். யாரும் அதை ஒரு நடுவூராக வரையவில்லை, அது தானே ஆகிவிட்டது. அங்கே கடைக்கு மேலும் பின்னும் இன்னமும் வீடுகள் இருக்கின்றன. அதைக் கெடுக்காமல் காப்பது, ஜெனரல் பஜாரைத் திருப்பிக் கொண்டுவருவதைவிட மலிவு. இப்போதே செய்யலாம்.

என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நம்மால் முடியும் என்பதற்கு லஷ்கர் போனாலு திருவிழாவே சாட்சி. 1815-இல் சுரிட்டி அப்பையா நிறுவிய உஜ்ஜயினி மகாகாளி கோயில் ஜெனரல் பஜாருக்குள்தான் இருக்கிறது. ஆஷாட மாதத்தில் இரண்டு நாள் லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். வண்டிகளைத் திருப்பிவிடுகிறார்கள், தெரு முழுக்க நடப்பவர்களுக்கு. அமைச்சர் தலைமையில் மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்துறை, போலீஸ், தீயணைப்புத் துறை எல்லாரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். குழாயும் விளக்கும் கழிப்பறையும் ஒரே வாரத்தில் சரியாகின்றன. திருவிழா முடிந்ததும் மேசை கலைந்துவிடுகிறது. அந்த மேசையை ஆண்டு முழுக்கக் கலைக்காமல் வையுங்கள் என்பதுதான் அரசுக்கு என் வேண்டுகோள். மணிக்கூண்டிலிருந்து மோண்டா வரை, ஸ்டேஷனிலிருந்து பாட்னி வரை ஒரே எல்லை. அதற்கு ஒரு பொறுப்பதிகாரி. அவரைக் கேள்வி கேட்க வியாபாரி, தெருவோர விற்பனையாளர், குடியிருப்பவர் சேர்ந்த ஒரு குழு. சரக்கு ஏற்றி இறக்க இரவு நேரம். கிடங்குகளுக்கு ஊருக்கு வெளியே இடம். மாடியை மறுபடி வீடாக்குபவருக்குச் சொத்துவரியில் சலுகை, இரண்டாவது படிக்கட்டு கட்டக் குறைந்த வட்டிக் கடன். ரயில்வே தலைமையகமும் காந்தி மருத்துவமனையும் அருகிலிருக்கும் ஊரில் ஷிப்டு வேலை பார்க்கும் நர்சுகளுக்கும் ரயில்வே ஊழியர்களுக்கும் நடந்துபோகும் தூரத்தில் வீடு வேண்டாமென்றா இருக்கும்?

அரசு கேட்குமோ கேட்காதோ. நம் குடும்பங்கள் சிலவற்றுக்கு இந்தப் பஜார்களில் இன்னும் பங்கு இருக்கிறது. கடை யாரிடமோ, மாடி பூட்டி, சாவி எங்கேயோ. இந்த மாதத்திலேயே ஒருநாள் போய் அந்தப் பூட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன அடுக்கியிருக்கிறது, இரவில் யார் படுக்கிறார்கள், தீப்பிடித்தால் அவர்கள் எந்த வழியாக இறங்குவார்கள் என்று பாருங்கள். சரக்கை வெளியேற்றச் சொல்லுங்கள். ஒயரை மாற்றி, படிக்கட்டு போட்டு, வாழ வருகிற ஒரு குடும்பத்துக்கு முறையான ஒப்பந்தத்தோடு வாடகைக்குக் கொடுங்கள்.